கரவும் 'டக்'கும்: ஏமாற்றுச் சொற்கள் இரண்டின் பொருள்வழி

ஏமாற்றைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் படிறு, வஞ்சம், கள்ளம் என்பன பெரிதும் எடுத்துப் பேசப்பட்டுள்ளன. கரவு அவ்வளவு கருதப்படவில்லை. 'கர' என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல்லின் அடிப்படைப் பொருள் மறைத்தல் என்பதே. ஏமாற்று என்னும் பொருள் அதன்வழிக் கிளைத்தது. வங்காளத்தில் இன்றும் வழங்கும் 'டக்' என்னும் சொல்லும் இவ்வழியே வந்ததாகும். மறைத்தல், மூடுதல் என்னும் பொருளுடைய 'ஸ்தக்' என்னும் வடமொழி வேரோடு அதனைச் சொற்பிறப்பியலார் தொடர்புபடுத்துவர். இனத்தொடர்பற்ற இரு வேர்கள் ஒரே பொருள்வழியில் நடந்துள்ளன. ஆயினும் அவை சென்று சேர்ந்த இடங்கள் வேறு.

திருக்குறளில் கரவு ஒருபடித்தாக நிற்கவில்லை. கள்ளாமை அதிகாரத்தில் (288) அது களவு பயின்றார் நெஞ்சில் நிலைபெறும் வஞ்சனை. இரவச்சத்தில் (1068, 1069) உள்ளதை இல்லையென மறைக்கும் ஈயாமை. காமத்துப்பாலிலோ (1162) காதல் நோயை மறைக்க இயலாத தலைவி கூற்றில் அதன் வினைவடிவம் வருகிறது. அங்கே குற்றத்தின் சாயல் சிறிதும் இல்லை. செய்யுளுக்குள் செய்யுளை மறைத்து வைக்கும் சித்திரகவிக்குக் கரந்துறைச் செய்யுள் என்றே பெயர். இவ்விடங்களில் எல்லாம் சொல் செயலைச் சுட்டுகிறதேயன்றி ஒரு கூட்டத்தாரைச் சுட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

'டக்' என்பதன் வரலாறு கொல்கத்தா அச்சகங்களில் திரும்பியது. சென்னையில் மருத்துவராயிருந்த ரிச்சர்ட் ஷெர்வுட் 1816இல் எழுதிய கட்டுரை, 1820இல் கொல்கத்தாவில் வெளிவந்த 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' பதின்மூன்றாம் தொகுதியில் மறுபதிப்பாயிற்று. வழிப்போக்கரைக் கழுத்து நெரித்துக் கொன்றோரைப் பற்றிய அக்கட்டுரை, அவர்களுக்கு வழங்கிய பெயர்களையும் தருகிறது. வடபுலத்துப் பெயருக்கு மட்டுமே ஏமாற்றுவோர் என்பது பொருள். கன்னடப் பெயர் தந்திக் கள்ளர். தெலுங்குப் பெயரும் சுருக்குக் கயிற்றைக் கொண்டே அமைந்தது. தமிழ்ப் பெயராக அவர் காட்டுவது 'அரி துலுக்கர்'. 'அரி' என்பதற்குத் தமிழில் சுருக்கு என்னும் பொருளில்லை. தெலுங்கின் 'உரி'யோடு அதனை ஒப்பிடலாம். பின்னொட்டோ சமயப்பெயர். பிடிபட்டோருள் இந்துக்களும் இசுலாமியரும் இருந்தமையை வில்லியம் ஸ்லீமன் திரட்டிய பதிவுகளே காட்டுவதால், அவ்வொட்டின் நம்பகம் ஐயத்திற்குரியது. எவ்வாறாயினும் தென்னக மொழிகள் இம்மனிதரைக் கருவியால் அடையாளப்படுத்தினவேயன்றி ஏமாற்றால் அன்று.

ஸ்லீமனின் 'ராமசீயானா' 1836இல் கொல்கத்தாவில் அச்சேறியது. 'டக்'குகளின் குழூஉக்குறிச் சொற்களைத் தொகுத்த அகராதியாகிய அது, தனிமொழி உடையோர் தனிக்குலம் என்னும் எண்ணத்திற்கு வலிமை சேர்த்தது. தொழிற்குழுக்கள் பலவற்றுக்கும் குழூஉக்குறி உண்டென்பதைத் தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாண்டே இயற்றப்பட்ட 30ஆம் சட்டம், 'டக்' கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையே வாழ்நாள் தண்டனைக்குப் போதுமானதாக்கியது. ஆனால் அச்சொல்லுக்கு இலக்கணம் கூறவில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 310ஆம் பிரிவு இலக்கணம் கூறிற்று: கொலையோடு கூடிய கொள்ளைக்கோ குழந்தை திருட்டுக்கோ வழக்கமாய்க் கூட்டுச் சேர்ந்தவர். இவ்விலக்கணத்தில் ஏமாற்று என்னும் கூறே இல்லை! ஏமாற்றைப் பெயராகக் கொண்ட சொல், சட்டத்துள் நுழைந்ததும் தன் வேர்ப்பொருளை இழந்தது. உண்மையான ஏமாற்று வேறு பிரிவுகளுக்குச் சென்றது; அவற்றுள் ஒன்றான 420 தமிழ்ப் பேச்சுவழக்கில் எத்தனுக்கே பெயராயிற்று.

செயற்பெயர் குலப்பெயராகும் இவ்வழக்கம் தமிழகத்தையும் விடவில்லை. 1871இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கு விரிந்தது. கள்ளர் என்னும் குலப்பெயரை ஆட்சியாளர் தொழிற்பெயராகவே படித்தனர். ஞானசம்பந்தர் முதற் பதிகத்தில் இறைவனையே கள்வன் என்றழைத்த மொழியில், அச்சொல்லின் அகலம் அலுவலகப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. 1920இல் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்தோர் சுடப்பட்டு இறந்தனர்.

தமிழ் வரலாற்று நூல்கள் இன்றும் 'தக்கர்' என்றே எழுதுகின்றன. இது வங்காளத்திலிருந்தோ இந்தியிலிருந்தோ நேரே வந்த வடிவமன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலின் நிழல். நாவளை ஒலி பல்லொலியானதோடு, தகுதியுடையார் எனப் பொருள்படும் 'தக்கார்' என்னும் குறட்சொல்லுக்கு அருகிலும் அது வந்து நிற்கிறது. 'டக்கர்' என்றெழுதின் நகைப்புக்கிடமாகும் என்பது உண்மையே. எனினும் 'டக்' என ஒருமையில் வைத்து விளக்கம் தருவதே பொருந்தும்.

2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'டக்' என்னும் குற்றவகை இல்லை. கொல்கத்தாவின் சந்தையிலோ நிறைகுறைத்து விற்பவரைப் பற்றிய பேச்சில் அச்சொல் தன் பழம்பொருளோடு இன்றும் வழங்குகிறது.