சமரசமும் சாட்சியும்: வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள் பற்றி ஒரு மறுபார்வை

நம் சபைகளில் வேதநாயகம் என்ற பெயரைச் சொன்னவுடன் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே (1774–1864) நினைவுக்கு வருவார். அவருடைய கீர்த்தனைகள் நம் ஆராதனையோடு கலந்துவிட்டவை. ஆனால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) நாம் பெரும்பாலும் தமிழ் ஆசிரியர்களிடம் விட்டுவிட்டோம். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879இல் வெளியிட்டவர் என்பதோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் 1878இல் வெளியிட்ட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ இறையியல் மாணவர் கவனமாக ஆராய வேண்டிய நூல். பல சமயத்தார் ஓர் ஊரில் கூடி உழைப்பதைப் பற்றி நாம் இன்று எழுப்பும் வினாக்கள் பலவும் அதில் கருவாக அடங்கியுள்ளன என்பது என் துணிபு.

நூலைப் பற்றி இருவகைத் தீர்ப்புகள் வழங்கிவருகின்றன. முதலாவது, இதுவே சமய ஒற்றுமைக்கு இலக்கணம் என்னும் பாராட்டு. எந்தச் சமயத்தாரும் பாடத்தக்க முறையில், கடவுளைப் பொதுப்படப் போற்றி அமைந்தவை இப்பாடல்கள். கர்நாடக இசை மேடைகளிலும் அவற்றுட் சில இடம்பெற்றன. இரண்டாவது, நம்மவருள் சிலர் கூறும் குறை: கிறிஸ்தவர் ஒருவர் கிறிஸ்துவின் நாமத்தை விலக்கிப் பாடினால் அது நற்செய்தியை நீர்த்துப்போகச் செய்வதாகாதா என்பது. இவ்விரண்டு தீர்ப்புகளும் நூலை அது பிறந்த ஊரிலிருந்தும் காலத்திலிருந்தும் பிரித்துப் பார்ப்பதால் எழுந்தவை.

நூல் வெளிவந்த ஆண்டை முதலில் நோக்குவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றியவரும், பிற்காலத்தில் அந்நகராட்சியின் தலைவராக இருந்தவருமான பிள்ளை, தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அவ்வறச்செயலைக் கண்டு மனமுருகி அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியவர் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். பஞ்சத்தின் துயரைக் கடவுளிடம் முறையிடும் பாடல்களைப் பிள்ளையும் பாடினார். ஆகவே இந்நூலின் பொதுமை, படிப்பறையில் சமயங்களை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்த முடிவன்று. கஞ்சித் தொட்டியின் முன் நின்ற கூட்டத்தில் சைவரும் வைணவரும் முகமதியரும் கிறிஸ்தவரும் இருந்தனர். துயரம் பொதுவானபோது முறையீடும் பொதுவாயிற்று. இதனைப் ‘பொது மன்றாட்டு’ என்று கொள்வோமானால், நீர்த்த நற்செய்தி என்னும் குற்றச்சாட்டின் வலிமை பெரிதும் குறைந்துவிடும்.

அன்றியும், பிள்ளை தம் சமயத்தை மறைத்து வாழ்ந்தவர் அல்லர். அவர் கத்தோலிக்கர். தேவமாதாவின்மீது அந்தாதி முதலிய பக்தி நூல்களைத் தனியே பாடியவர். பலரோடு சேர்ந்து மன்றாடப் பொதுமொழி ஒன்றும், தம் பக்திக்கு உரிய மொழி ஒன்றும் அவரிடம் இருந்தன. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் அவர் வைக்கவில்லை.

அவருடைய நட்பு வட்டமும் அத்தகையதே. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். திருவாவடுதுறை ஆதீன வித்துவான். அவர் இக்கிறிஸ்தவ நண்பர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். புதுவையைச் சேர்ந்த சவரிராயலு நாயகர் என்னும் கிறிஸ்தவர் அவரிடம் பாடங்கேட்டார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது வேதநாயகம் பிள்ளை செய்யுள் இயற்றினார். இச்செய்திகளை உ. வே. சாமிநாதையரின் நூல்கள் வாயிலாக அறிகிறோம். இவர்களுள் எவரும் நட்பின் பொருட்டுத் தம் திருநீற்றையோ சிலுவையையோ கழற்றி வைக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. இதனால் ஒரு முடிவுக்கு வருகிறோம்: மாயூரத்தின் சமரசம் முழுமையான நம்பிக்கையுடைய மனிதர்களுக்கிடையே நிலவியது, நூலின் சமரசமோ எல்லாருக்கும் பொதுவான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. வாழ்க்கை நூலைவிடப் பெரிதாயிருந்தது.

இவ்வேறுபாட்டை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைத் தாக்கியபோது, இறந்தோரைச் சமயம் பாராமல் அடக்கம் செய்ய நாகூர் தர்கா இடமளித்தது. அதற்குப் பின்னான மாதங்களில் நான் ஒரு கடலோரச் சேகரத்தில் இளம் போதகனாக இருந்தேன். கடல்நீர் புகுந்து கெட்டுப்போன குடிநீர்க் குளத்தைச் சீர்ப்படுத்த ஊர்ப் பஞ்சாயத்தாரும் ஜமாஅத்தாரும் எங்கள் சபையாரும் ஒன்றுகூடினோம். வேலை தொடங்குமுன் மூவர் ஜெபிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. கோயில் பெரியவர் தம் தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தேங்காய் உடைத்தார். ஜமாஅத்துப் பெரியவர் தம் முறைப்படி கையேந்தித் துஆ ஓதினார். நான் மட்டும் மிகுந்த நாகரிகத்தோடு, ‘அனைத்தையும் படைத்த பரம்பொருளே’ என்று தொடங்கி, எந்த நாமமும் இன்றி முடித்தேன்.

மாலையில் எங்கள் சபையைச் சேர்ந்த மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், சேறு படிந்த கையோடு என்னிடம் வந்து, “ஐயா, காலையில யாருகிட்ட ஜெபம் பண்ணினீங்க?” என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. மறுநாள் ஜமாஅத்துப் பெரியவரும், “நீங்கள் உங்கள் முறையில் ஜெபிப்பீர்கள் என்றுதான் அழைத்தோம்” என்றார். என்னை மறைத்துக்கொள்ளும்படி எவரும் கேட்கவில்லை. அயலாரின் உள்ளத்தை அறியாமல் நானே அவர்களுக்காக அஞ்சியிருந்தேன். பணிவு என்று நான் எண்ணியது உண்மையில் அவர்கள்மீது நான் கொண்ட நம்பிக்கைக் குறைவே.

ஆயின் பிள்ளையின் பொது மன்றாட்டும் என் ஜெபமும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. பிள்ளை எல்லாரும் சேர்ந்து பாடுவதற்குப் பாட்டு எழுதினார். அங்குப் பொதுமொழி பொருத்தமே. நானோ என் சபையின் சார்பில் ஜெபிக்க அழைக்கப்பட்டேன். அங்குச் சபையின் குரலே வரவேண்டியிருந்தது. எப்போது எந்த மொழி என்று பகுத்தறியும் திறமே இத்துறையில் ஊழியனுக்கு வேண்டிய முதற்பயிற்சி.

உலகத் திருச்சபையின் விவாதங்களும் இதே முடிச்சைச் சுற்றியே நிகழ்ந்தன. 1975இல் நைரோபியில் கூடிய உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் பேரவையில், சமய உரையாடல் கலப்புச் சமயத்தில் முடியும் என்ற அச்சம் வெளிப்படையாக எழுந்தது. எஸ். ஜே. சமர்த்தாவின் தலைமையில் இயங்கிய உரையாடல் பிரிவு 1977இல் சியாங்மாய் நகரில் கூட்டிய மாநாடு, உரையாடலைச் சமூக வாழ்வுக்குள் வைத்துப் பேசியது. 1979இல் வழிகாட்டு நெறிகளும் வெளியாயின. கொள்கைகளை ஒப்பிடுவதினின்று அயலாரோடு வாழ்வதை நோக்கி வினாவைத் திருப்பியது அம்மாநாட்டின் நற்பேறு. எனினும் நம் கல்லூரி வகுப்புகளில் அறிக்கைகளைப் படிக்கும் அளவுக்கு அயலாரைப் படிக்கிறோமா என்பது ஐயமே.

இனி நூலின் உண்மையான குறைக்கு வருவோம். அது கிறிஸ்துவின் நாமத்தைப் பற்றியதன்று என்பதே என் கருத்து. பிள்ளையின் அறப்பாடல்கள் பெரும்பாலும் கற்றோரையும் செல்வரையும் அதிகாரிகளையும் நோக்கிப் பேசுகின்றன. 1859இல் வந்த ‘நீதிநூ’லிலேயே கைக்கூலி வாங்குவோரை அவர் கடிந்துரைத்தார். அது துணிவான செயல். ஆனால் ஏழை அவர் பாட்டில் இரக்கத்திற்கு உரியவராகத் தோன்றும் அளவுக்கு, உடன் உழைப்பவராகத் தோன்றுவதில்லை. மடமும் நீதிமன்றமும் கைகோத்தன. கஞ்சி பெற்றவர் அந்தக் கூட்டுறவின் பயனாளரானார், பங்காளர் ஆகவில்லை. பாரதியாரின் நந்தனார் கோயில் வாயிலில் நின்று எழுப்பிய கேள்வி, நண்பரின் சமரசத்துக்குள் போதிய அளவு நுழையவில்லை. சமயங்களுக்கிடையே வேலி அகன்றாலும் சாதிக்கும் சாதிக்கும் இடையே சுவர் நிற்குமானால் ஊர் வலுப்பெறாது.

நம் குளத்து வேலையிலும் இதையே கண்டோம். மூன்று சமயத் தலைவர்களும் ஒரே நாளில் இணங்கினோம். சீரான குளத்தில் எந்தத் தெருவார் எந்தப் படித்துறையில் இறங்குவது என்ற வினாவுக்கோ பல வாரங்கள் கூடிப் பேசவேண்டியதாயிற்று. அந்தப் பேச்சில் வழிகாட்டியவர்கள் நாங்கள் மூவரும் அல்லர். குடம் சுமக்கும் பெண்களே. நம் சபையாரிலும் சிலர் பிரிவினைக்கு வாதாடினர் என்பதை வெட்கத்தோடு எழுதவேண்டியிருக்கிறது.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றவர்களுக்கு எழுதிய நிருபத்தில், அவர்கள் வாழும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படியும் அதற்காக ஜெபிக்கும்படியும் எரேமியா கற்பித்தார் (எரே. 29:7). தங்கள் தேவனை மறக்கும்படி அவர் சொல்லவில்லை. தங்களுக்குள் ஒதுங்கும்படியும் சொல்லவில்லை. நல்ல சமாரியன் உவமையில் (லூக். 10), காயப்பட்டவனுக்கு அருகில் வந்தவன் வேற்று வழிபாட்டினன். அவனை அயலான் என்று ஏற்கும்படி நம் ஆண்டவர் கேட்டது, வேதத்தைக் கற்ற ஒருவனிடமே. நன்மை செய்வதில் மட்டுமன்று, பிறரிடமிருந்து நன்மை பெறுவதிலும் திருச்சபைக்குப் பயிற்சி தேவை.

ஆகவே, சகோதர ஊழியர்களே, மாணவர்களே, சமரசக் கீர்த்தனையை மீண்டும் எடுத்துப் படியுங்கள். அதைச் சமய ஒற்றுமையின் முடிந்த வடிவம் என்று கொள்ளாமல், ஒரு பஞ்ச காலத்து ஊரின் தொடக்க முயற்சி என்று கொள்ளுங்கள். அதன் ஆசிரியர் கஞ்சி வார்த்ததையும், தம் பக்திப் பாடல்களைத் தொடர்ந்து பாடியதையும் சேர்த்தே படியுங்கள். அவர் விட்ட இடத்தை நிரப்புவது நம் தலைமுறையின் கடன். உங்கள் சேகரத்தில் அடுத்த முறை ஒரு பொதுவேலைக்கு அழைப்பு வரும்போது, உங்கள் ஆண்டவரின் நாமத்தோடு செல்லுங்கள்; மண்வெட்டியோடும் செல்லுங்கள். அன்று மாலை அந்த மூதாட்டி கேட்ட கேள்வி உங்களிடமும் கேட்கப்படும். எனக்கு வராத விடை உங்களுக்கு வரட்டும்.