சாப்ஃபினோ எழுத்துரு: எழுத்தணி நடையும் பயன்பாட்டின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஹெர்மன் சாப்ஃப் 1944இல் எழுதிய எழுத்தணிப் பக்கத்திலிருந்து உருவாகி, 1998இல் வெளிவந்த உரோமன் எழுத்துரு சாப்ஃபினோ. அதன் நடையழகு எங்குப் பிறக்கிறது, எத்தகைய பயன்பாட்டில் சிதைகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுத்துருவின் தானியங்கு விதிகள் ஒரு வரிக்குள் செயல்படுகின்றன. அலங்காரமோ வரிகளுக்கு இடையே நிகழ்கிறது. இவ்விடைவெளியே சாப்ஃபினோவின் பயன்பாட்டு எல்லையை வரையறுக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எழுத்தணி, எழுத்துரு, சாப்ஃபினோ, மாற்று வடிவம், கூட்டெழுத்து, ஓபன்டைப்

1. கையிலிருந்து கணினிக்கு

பாலடினோ, ஆப்டிமா ஆகிய எழுத்துருக்களால் பெரிதும் அறியப்பட்ட ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃப் (1918-2015). போருக்குப் பின் ஸ்டெம்பெல் வார்ப்பகத்திற்காக அவர் உருவாக்கிய விர்ச்சுவோசா, தம் கையெழுத்தை அச்சுக்குக் கொண்டுவரும் முதல் முயற்சியாகும். ஆயின் ஈய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு செவ்வகக் கட்டையின்மீது நிற்பது. கட்டையின் விளிம்பைக் கடந்து நீளும் கோடு எளிதில் முறியும். எனவே நீள்கோடுகள் குறுக்கப்பட்டன.

கணினி அத்தடையை நீக்கியது. ஒவ்வோர் எழுத்துக்கும் பல வடிவங்களைக் கொண்ட எழுத்துரு என்னும் எண்ணத்தை டேவிட் சீகல் 1990களில் சாப்ஃபிடம் முன்வைத்தார். இடையில் நின்ற அப்பணியை லினோடைப் நிறுவனம் ஏற்று முடித்து, 1998இல் நான்கு எழுத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. 2003இல் அகிரா கோபயாஷியுடன் இணைந்து சாப்ஃப் செப்பனிட்ட ‘சாப்ஃபினோ எக்ஸ்ட்ரா’ வெளிவந்தது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தோடு வழங்கப்பட்ட பதிப்பில் 1,400க்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. சிறிய ‘டி’ எழுத்துக்கு மட்டும் ஒன்பது வடிவங்கள் உண்டு.

2. நடையின் இயல்பு

சாப்ஃபினோவின் சிற்றெழுத்துகள் உடலளவில் மிகச் சிறியவை. அவற்றின் மேல்நீட்சிகளும் கீழ்நீட்சிகளும் அவ்வுடலைப் பன்மடங்கு விஞ்சுபவை. வலப்புறம் சாய்ந்த அமைதியான உடலும், பேனாவின் வேகத்தைச் சுமந்து வளையும் நீண்ட கோடும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் நிலையே இந்நடையின் உயிர். ‘எஃப்’, ‘ஜி’, ‘ஒய்’ போன்ற எழுத்துகளில் இவ்விழுவிசை தெளிவாகப் புலப்படுகிறது. எனவே இங்கு அலங்காரம் எழுத்தின்மேல் சேர்க்கப்பட்ட பூவேலை அன்று. வரிக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தை ஆள்வதே அலங்காரமாகிறது.

கையால் எழுதும் கலைஞர் அவ்வெற்றிடத்தைக் கண்ணால் அளந்தபின்பே கோட்டை நீட்டுகிறார். மேல்வரியில் ஒரு கோடு கீழிறங்கியிருந்தால் தம் கோட்டைச் சுருக்குகிறார். ஒரே எழுத்து இருமுறை வரின் இரண்டாவதை வேறாக எழுதுகிறார்.

3. விதி காண்பதும் காணாததும்

எழுத்துருவில் இம்முடிவுகளுள் ஒரு பகுதியைப் பதிலீட்டு விதிகள் ஏற்கின்றன. அண்டை எழுத்துகளைக் கொண்டு அவை மாற்று வடிவத்தையோ கூட்டெழுத்தையோ இடுகின்றன. மேக் பதிப்பில் ‘சாப்ஃபினோ’ என்னும் பெயரைத் தட்டச்சிட்டால் முழுச்சொல்லும் ஒரே கூட்டெழுத்தாக மாறுவது இதன் உச்சம். ஆயினும் இவ்விதிகள் காண்பது எழுத்துகளின் வரிசையை மட்டுமே. மேல்வரியில் என்ன நிற்கிறது, பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் உள்ளது என்பவற்றை அவை அறியா.

தமிழ் எழுத்துருவோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு துலங்கும். ஒருங்குறியில் ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியுமாக இரு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அதனை ஒரே வடிவமாக்குவது எழுத்துருவின் பதிலீட்டு விதி. அங்கு விதி தவறினால் எழுத்தே பிழைபடும். வாசகர் உடனே உணர்வார். சாப்ஃபினோவில் பொருந்தாத வடிவம் அமைந்தாலும் சொல் பிழையின்றியே நிற்கும். குன்றுவது நடை மட்டுமே. தமிழில் எழுத்திலக்கணமாக நிற்கும் விதி, இங்குச் சுவையின் பதிலாளாக நிற்கிறது. இலக்கணத்தை விதியிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். சுவையை அவ்வாறு ஒப்படைத்தல் இயலாது.

4. பயன்பாடு

திருமண அழைப்பிதழ், பாராட்டுச் சான்றிதழ், மதுப்புட்டியின் முகப்புச்சீட்டு போன்றவற்றில் ஒற்றை வரியாக, சுற்றிலும் வெற்றிடத்துடன் அமையும்போது சாப்ஃபினோ சிறக்கிறது. நீள்கோடு மோதுவதற்கு அங்கு மற்றொரு வரி இல்லை. பத்தியாக அடுக்கும்போது மேல்வரியின் கீழ்நீட்சியும் கீழ்வரியின் மேல்நீட்சியும் பின்னிக்கொள்கின்றன. அதனைத் தவிர்க்க வரியிடைவெளியைப் பெருக்கினால், சிறிய உடல்களைக் கொண்ட வரிகள் ஒன்றையொன்று விட்டு விலகிப் பத்தி கலைகிறது. முழுவதும் பேரெழுத்துகளால் அமைந்த சொல்லில் இடர் மேலும் மிகும். சிற்றெழுத்துகளின் முன் தனித்து நிற்க வரையப்பட்ட கோடுகள் அங்கு ஒன்றோடொன்று முட்டுகின்றன.

கணினியோடு சேர்ந்தே கிடைத்ததால் சாப்ஃபினோ மலிந்து மதிப்பிழந்தது எனக் கூறுவதுண்டு. பரவல் மட்டுமே ஒரு வடிவத்தைத் தாழ்த்துவதில்லை. பாலடினோவும் பரவலாகக் கிடைப்பதே. 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் வேறு வடிவம் வேண்டுவோர் வேறு தொகுதிக்கு மாற வேண்டியிருந்தது. அத்தொல்லை ஒவ்வொரு முறையும் ஒரு தேர்வைக் கோரியது. விதிகள் தாமே இயங்கத் தொடங்கியதும் தேர்வு என ஒன்று இருப்பதே பயனருக்கு மறைந்தது. மாற்று வடிவங்கள் பட்டியலில் உறங்க, இயல்நிலை வடிவங்களே எங்கும் மீள்கின்றன. கையெழுத்தாக வேண்டியது முத்திரையாகிவிடுகிறது.

முடிவுரை

சாப்ஃபினோ, எழுதுபவருக்குத் தேவையான வடிவங்களைத் தாராளமாக வழங்குகிறது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பக்கத்தில் நிறுத்தும் பொறுப்பைப் பயனரிடமே விடுகிறது. எனவே எழுத்தணி எழுத்துருக்களை மதிப்பிடுவோர் வடிவங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அவற்றுள் எவை தேரப்பட்டன, எவ்வெற்றிடத்தில் நிறுத்தப்பட்டன என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். அத்தேர்வு நிகழும் பக்கத்தில் சாப்ஃபின் கை தெரிகிறது; நிகழாத பக்கத்தில் எஞ்சுவது அதன் படியே.