ஒரே தராசில் ஐந்து நாவல்கள்

குட்ரீட்ஸில் நட்சத்திரத்தின் மேல் கர்சரை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு சின்ன வரி வரும். தமிழில் சொன்னால் இப்படி: ஒன்று, பிடிக்கவில்லை. இரண்டு, பரவாயில்லை. மூன்று, பிடித்தது. நான்கு, ரொம்பப் பிடித்தது. ஐந்து, அற்புதம். கவனிச்சுப் பாருங்க, 'நல்ல நாவல்', 'மோசமான நாவல்' என்று ஒரு இடத்திலும் இல்லை. எல்லாமே வாசித்தவரைப் பற்றிய தகவல்தான். ஆனால் ஆயிரம் பேர் போட்டதைக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு எண்ணாகக் காட்டியதும், அது புத்தகத்தின் மார்க் ஆகிவிடுகிறது.

நமக்கு மார்க் என்றால் தனி மரியாதை உண்டு. ஐந்துக்கு இரண்டு என்றால் அந்தத் தளத்தின் கணக்கில் 'பரவாயில்லை'. நம்ம வீட்டுக் கணக்கில் நாற்பது மார்க், ஜஸ்ட் பாஸ், அப்பாவிடம் காட்ட முடியாத ரேங்க் கார்டு. அதனால் யாருக்கும் இரண்டு போட மனசு வராது. எல்லாரும் நாலும் ஐந்துமாகப் போடுகிறோம். எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது.

மார்க் போடுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனந்த விகடன் திரைப்படங்களுக்குப் பல வருஷம் நூற்றுக்கு மார்க் போட்டது. 1977-ல் வந்த '16 வயதினிலே' வாங்கிய 62.5 இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது. அது ஏன் வேலை செய்தது? ஒரே குழு, ஒரே அளவுகோல், ஒரே வகைச் சரக்கு. 42 என்றால் தைரியமாகப் போகலாம், 35 என்றால் யோசிக்கணும் என்று வாசகர்களுக்குப் பழகிவிட்டது. நாவலுக்கு அப்படி ஒரு பழக்கம் நம்மிடம் இல்லை. க.நா.சு. விடாமல் பட்டியல் போட்டார், அதற்காகத் திட்டும் வாங்கினார். ஆனால் அது இலக்கியம் என்று அவர் ஏற்றுக்கொண்டவற்றுக்குள் போட்ட பட்டியல். டீக்கடையில் தொங்கும் க்ரைம் நாவலும் சாகித்ய அகாதமி வாங்கிய நாவலும் ஒரே தராசில் ஏறியது இந்த நட்சத்திரக் காலத்தில்தான்.

சராசரி எங்கே பொய் சொல்கிறது

ஐ.டி. வேலையில் இருபது வருஷமாக நம்பர்களோடு குடித்தனம் நடத்துவதால் இரண்டு விஷயம் உடனே உறுத்தும்.

ஒன்று, பரவல். பத்துப் பேரும் மூன்று போட்டாலும் சராசரி மூன்று. ஐந்து பேர் ஐந்தும், ஐந்து பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி மூன்றுதான். முதலாவது சுமாரான புத்தகம். இரண்டாவது சண்டை மூட்டுகிற புத்தகம். எனக்கு வேண்டியது இரண்டாவது, ஆனால் எண் அதைக் காட்டிக்கொடுக்காது.

இரண்டு, வடிகட்டல். ஜெயமோகனின் வெண்முரசு 2014-லிருந்து 2020 வரை 26 நாவல்களாக வந்தது. இருபதாவது நாவலுக்கு நட்சத்திரம் போடுபவர் யார்? முந்தைய பத்தொன்பதைத் தாண்டி வந்தவர், பெரும்பாலும். பிடிக்காதவர்கள் முதல் இரண்டு மூன்றிலேயே இறங்கிப் போயிருப்பார்கள். எந்த நீண்ட தொடருக்கும் இது பொருந்தும். பின் பாகங்களின் மதிப்பு ஏறுவது புத்தகம் மேம்பட்டதால் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் அதே ஊருக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. எங்கள் தெருவில் பாலிடெக்னிக் முடித்த ஒரு தம்பி, வாழ்க்கையில் முதல் நாவல் படிக்கலாம் என்று கிளம்பினான். காசிமேடு பக்கம் வளர்ந்தவன், கடல் கதை என்றால் ஒட்டும் என்று நினைத்து, நல்ல நட்சத்திரங்களோடு இருந்த ஜோ டி குரூஸின் 'கொற்கை'யை வாங்கினான். 2013-ல் சாகித்ய அகாதமி பெற்ற பெரிய நாவல், சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். தூத்துக்குடிப் பரதவர் பேச்சு. தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தம்பி நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டான். "அண்ணா, நாவல்லாம் நமக்கு செட் ஆகாது போல"ன்னு சொல்லிட்டான். புத்தகம் அவனைத் தோற்கடிக்கவில்லை. 'இது எந்த மாதிரிப் புத்தகம், உன்னிடம் என்ன கேட்கும்' என்று சொல்லாத அந்த எண்தான் தோற்கடித்தது. ஒரு தவறான மார்க்கின் விலை இதுதான்: ஒரு வாசகர் போய்விடுகிறார், திரும்பி வருவதில்லை.

இரண்டு எண்கள்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்று பாருங்க. ஒரு ஷேர் ஆட்டோ போகும், பின்னாலேயே நாற்பதடிப் பெட்டியோடு ஒரு கன்டெய்னர் லாரி போகும். இதில் எது நல்ல வண்டி என்று கேட்டால் சிரிப்பார்கள். ராயபுரத்தில் இறக்கிவிடுகிறேன் என்ற ஆட்டோ இறக்கிவிட்டால் அது நல்ல ஆட்டோ. ஆனால் அது துறைமுகச் சரக்கை இழுக்காது.

அதனால் நான் நாவலுக்கு இரண்டு எண் போடுகிறேன், இரண்டும் பத்துக்கு. முதலாவது நாணயம். அட்டையும் முதல் ஐம்பது பக்கமும் என்ன தருவதாகச் சொல்கிறதோ, அதைத் தந்ததா? இரண்டாவது பாரம். தருவதாகச் சொன்னது எவ்வளவு பெரியது? இரண்டையும் கூட்டக் கூடாது, சராசரி எடுக்கவே கூடாது. எடுத்தால் மறுபடி பழைய குழிதான்.

இனி ஐந்து வண்டிகள்.

ராஜேஷ்குமாரின் க்ரைம் நாவல்

ஆயிரத்தைந்நூறுக்கு மேல் எழுதியவர். அதனால் தனி நாவலைவிட அச்சைப் பார்ப்பது நியாயம். இரண்டு தடத்தில் கதை போகும். ஒரு அத்தியாயம் கோவையில், அடுத்தது வேறு ஊரில், சம்பந்தமே இல்லாத ஆட்கள். எங்கே இணையும் என்பதுதான் கொக்கி. நல்ல நாளில் அந்த இணைப்பு கச்சிதமாக விழும். மோசமான நாளில் கடைசி மூன்று பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வார். அதுவரை காட்டியதை அங்கே வாயால் சொல்லிக் கடன் அடைக்கிறார். அப்படியும் ஒரு ரயில் பயணத்துக்கு என்ன சொன்னாரோ அதைச் செய்கிறார். நாணயம் 8, பாரம் 3. இந்த மூன்றில் அவமானம் எதுவும் இல்லை. தமிழில் பல வீடுகளில் அம்மாக்களை வாசிக்க வைத்தது இந்த மூன்றுதான்.

செல்லாத பணம் (இமையம், 2018)

பொறியியல் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பா தலைமையாசிரியர். கையில் பணம் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு அந்த வார்டில் வேலை இல்லை.

இந்தக் கதைச் சுருக்கத்தை அப்படியே ராஜேஷ்குமாரிடம் கொடுத்துப் பாருங்க. எரிந்த பெண், சந்தேகத்துக்குரிய கணவன். நூறு பக்கத்தில் யார் கொளுத்தியது என்று விடை வந்துவிடும். இமையம் அதைச் சொல்ல மறுக்கிறார். அவளே செய்துகொண்டாளா, அவன் செய்தானா என்பது முடிவாகாமலே போகிறது. 'க்ளைமாக்ஸ் இல்லை' என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டால் அவர் தவறான வண்டியில் ஏறியிருக்கிறார். இந்த நாவல் துப்புத் துலக்குவதாக எங்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்கள் என்னவெல்லாம் பேசிக்கொள்வார்கள், யார்மேல் பழி போடுவார்கள், தன்மேல் எப்போது போட்டுக்கொள்வார்கள் என்று கேட்பதாகச் சொன்னது. அதைக் கேட்கிறது. புலம்பல்கள் திரும்பத் திரும்ப வருவது நடுவில் களைப்பாக்கும். ஆனால் காத்திருப்பே அப்படித்தானே. நாணயம் 9, பாரம் 9.

வேள்பாரி (சு.வெங்கடேசன்)

ஆனந்த விகடனில் நூறு வாரத்துக்கு மேல் ம.செ. ஓவியங்களோடு வந்தது. கபிலர் பறம்பு மலை ஏறுவதில் தொடங்குகிறது. ஊர்ப்பக்கம் பழகிய புலவருக்குக் காடு ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு செடியும் விலங்கும் அவருக்குச் சொல்லப்படும்போது நமக்கும் தெரிகிறது. இது அருமையான ஏற்பாடு. எப்போதும் வடக்கு பார்த்து உட்காரும் விலங்கு ஒன்றைக் கடல்வழிக்குத் திசைகாட்டியாகப் பயன்படுத்தலாம் என்று பாண்டியர் கண்வைப்பது, கதையை வணிகத்தோடும் அதிகாரத்தோடும் சட்டென்று கட்டிவிடுகிறது.

புத்தகமாக வாசிக்கும்போது இரண்டு குறை தெரிகிறது. வாரக் கடைசிக் கொக்கிகள் அடுத்தடுத்து வரும்போது சத்தமாகின்றன. பறம்பு மக்களிடம் குறையே இல்லை, மூவேந்தர் பக்கம் நியாயமே இல்லை. சாகசக் கதைக்கு அது போதும். ஆனால் நம் ஆட்கள் இதைச் சங்க கால வரலாறு என்று எண்ணி ஐந்து போடுகிறார்கள். அதுவேறு, இதுவேறு. சாகசமாக நாணயம் 9, பாரம் 6. நாவல் படிக்காத ஒருவரிடம் ஒரு தடிமனான தமிழ்ப் புத்தகம் கொடுக்கணும் என்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

வெள்ளை யானை (ஜெயமோகன், 2013)

இதுவும் பழைய காலக் கதைதான், ஆனால் முழுக்க வேறு வண்டி. 1876-78 பெரும்பஞ்சத்தின் சென்னை. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பனிக்கட்டி, அதை உடைத்துச் சுமக்கும் தலித் தொழிலாளர்கள், ஏய்டன் என்கிற ஐரிஷ் போலீஸ் அதிகாரி. ஒரு பக்கம் மதுக்கோப்பைக்கு ஐஸ், மறுபக்கம் சாலையோரம் பசியில் செத்துக்கொண்டிருக்கும் ஜனம். நம்ம ஊரின் அடியில் புதைந்து கிடப்பதைத் தோண்டிக் காட்டுகிற நாவல்.

குறை: உரையாடல்கள் அடிக்கடி சொற்பொழிவாகின்றன. அதைவிட முக்கியமாக, தொழிலாளர்களைப் பெரும்பாலும் ஏய்டனின் குற்றவுணர்ச்சி வழியாகத்தான் பார்க்கிறோம். அவர்கள் வீட்டுக்குள் நாம் போவதே குறைவு. நாணயம் 7, பாரம் 10. சராசரி எடுத்தால் இது வேள்பாரிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். இரண்டையும் வாசித்தவர்களுக்கு அது எவ்வளவு அபத்தம் என்று தெரியும்.

பேட்டை (தமிழ்ப்பிரபா, 2018)

இங்கேதான் எங்கள் ஏரியாக்காரர்களின் கை நடுங்கும். சிந்தாதிரிப்பேட்டைக் கதை, தண்டையார்பேட்டை இல்லை. ஆனாலும் கூவம் கரை மக்கள், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, சபைகளும் ஜெபமும், சென்னைத் தமிழ் என்று எல்லாமே நமக்குத் தெரிந்த வாசனை. அதே 2018-ல்தான் 'வட சென்னை' படமும் வந்தது. சினிமா இந்த மொழியைப் பேசுகிறவன் கையில் கத்தியைக் கொடுத்துப் பழகிவிட்டது, இல்லையென்றால் காமெடியனாக்கியது. அந்தப் பழக்கத்தில் வருகிறவர் பேட்டையைத் திறந்து கத்தியைத் தேடுகிறார், கிடைக்காமல் 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிறார். நாவல் தராத வாக்குக்கு நாவலைத் தண்டிப்பது இது. மறுபக்கம் நம் ஆட்கள் 'நம்ம பாஷைல எழுதிட்டாம்பா' என்று கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போடுகிறார்கள். அதுவும் புத்தகத்துக்குச் செய்கிற மரியாதை இல்லை. வாசிக்காமலே போடக்கூடிய ஐந்து அது.

வாசித்துச் சொன்னால்: மொழி முதல்தரம். இங்கே வட்டார வழக்கு கவர்ச்சிக்காக ஒட்டவைத்தது இல்லை. கோபம், பக்தி, காதல் எல்லாம் அதிலேயே நடக்கிறது. சென்னைத் தமிழில் பிரார்த்தனை செய்கிற மனிதர்களைப் பார்ப்பதே புதுசு. ஆனால் தனித்தனிச் சம்பவங்கள் நிற்கிற அளவுக்கு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவில்லை, பிற்பகுதியில் முடிச்சு தளர்கிறது. நாணயம் 7, பாரம் 8. சொந்த ஊர்ப் பாசத்துக்கு ஒரு மார்க் கூடச் சேர்க்கவில்லை. சேர்த்தால், வடசென்னையிலிருந்து அடுத்து எழுத வருகிறவனிடம் 'இவ்வளவு போதும்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எண்ணை எப்படி வாசிப்பது

பாரம் குறைவாக, நாணயம் அதிகமாக இருப்பது யாருக்கும் கொடுக்கலாம். பாரம் அதிகமாக, நாணயம் குறைவாக இருப்பது பழகிய வாசகருக்கு மட்டும். அவருக்குத்தான் ஒரு பெரிய முயற்சி எங்கே இடறுகிறது என்று பார்ப்பதில் லாபம் உண்டு. இரண்டும் குறைவு என்றால் பழைய பேப்பர் கடை. இரண்டும் அதிகம் என்றால் இரவல் கொடுக்காதீங்க, திரும்பி வராது.

'நல்ல நாவல் ஒண்ணு சொல்லுங்க' என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எதை முழுசாகப் படிச்சு முடிச்சீங்க? அந்தப் பதிலில்தான் அடுத்த புத்தகம் இருக்கிறது. அந்தத் தம்பியிடமும் இதையே கேட்டேன். தந்தி பேப்பரில் வரும் கொலைச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பானாம். முதலில் ஒரு ராஜேஷ்குமார் கொடுத்தேன், ஒரே ராத்திரியில் முடித்தான். அடுத்தது இப்போது அவன் கையில் இருக்கிறது: செல்லாத பணம். யார் கொளுத்தியது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறான். தெரியாது என்று நான் சொல்லவில்லை.