கொல்லைப்புறத்துத் தையற்சிட்டு

பந்தல்குடியைச் சூழ்ந்த கரிசற்பூமியில் பருத்தி வெடித்து, வேலி முள்ளிலெல்லாம் பஞ்சு சிக்கிக் கிடக்கும் காலத்தில், இல்லத்துப் பெண்கள் பிற்பகல் ஓய்வில் தலையணை உறைக்குப் பூத்தையல் இட்டுக்கொண்டிருக்க, கொல்லையிலுள்ள கத்தரிச் செடியிலே தையற்சிட்டும் தன் கைவேலையைத் தொடங்கிவிடுகிறது. பெட்டைதான் தையற்காரி, அகன்ற இலையின் இரு விளிம்புகளையும் வளைத்துச் சேர்த்து, கூரிய அலகால் சூக்ஷ்மமான துளைகளிட்டு, அவற்றினூடே பஞ்சிழையையும் சிலந்தி நூலையும் இழுத்துவிட, இழையின் நுனி வெளிப்புறம் பிரிந்து உப்பி நின்று, முடிச்சு இன்றியே தையல் நழுவாமற் காக்கிறது. இலை காம்பை விட்டுப் பிரியாமற் பசுமையாகவே நிற்பதால், கூடு எளிதிற் கண்ணிற்படுவதில்லை. உள்ளே மெத்தென்ற பஞ்சணையில் வழக்கமாக 3 முட்டைகள். அடைகாப்பு ஏறத்தாழ 12 நாட்கள். ஆதலின், செடியைக் கழிக்கப் புகும் அன்பர்கள், சுருண்ட இலையைக் கிள்ளுமுன் அதன் விளிம்பில் தையல் உண்டா என்று ஒருமுறை நோக்குவாராக.