"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது": ஒரு பிழைச் செய்தியைப் பற்றிய விமர்சனம்

நூல்களுக்கு விமர்சனம் எழுதுகிறோம், திரைப்படங்களுக்கு எழுதுகிறோம். மூன்றே வாக்கியங்கள் கொண்ட ஒரு செய்திக்கு விமர்சனம் தேவையா என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த மூன்று வாக்கியங்களை நம்பி ஒரு மாணவி தன் மூன்று மாத உழைப்பை அழித்துக்கொள்ள இருந்தாள். ஆகவே எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு அந்த மாணவி வந்தாள். இயற்பியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிப்பவள். கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அவளுடைய அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்தது. அதில் 2018 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு லினக்ஸ் பதிப்பை யாரோ நிறுவிக் கொடுத்திருந்தார்கள். வெந்நீர் குளிரும் வேகத்தை வெவ்வேறு பாத்திரங்களில் அளந்து அவள் சேர்த்த அளவீடுகள் அனைத்தும் அதற்குள்தான்.

"சார், பாஸ்வேர்ட் கேக்குது, போட்டா இப்படி வருது. கடையில ஃபார்மட் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. ஐந்நூறு ரூபாய் ஆகுமாம்."

"அளவீடுகளை வேறெங்காவது எடுத்து வைத்திருக்கிறாயா அம்மா?"

"இல்ல சார்."

திரையில் வருத்தமான முகம் கொண்ட ஒரு கணிப்பொறிப் படம். கீழே ஆங்கிலத்தில் செய்தி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: அடடா, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. ஒரு சிக்கல் ஏற்பட்டுள்ளது, அமைப்பால் மீள முடியவில்லை. வெளியேறி மீண்டும் முயல்க. அதற்கும் கீழே ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்குத் திரும்பலாம். கடவுச்சொல்லை இட்டால் மறுபடியும் அதே முகம். இருபது முறை சுற்றி வந்ததாகச் சொன்னாள்.

இச்செய்தியைக் காட்டுவது க்னோம் எனும் மேசைத்தளம். 1997-இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. 2011 ஏப்ரலில் அதன் மூன்றாம் தலைமுறை வெளிவந்தது. உலகெங்கும் பல்லாயிரம் பேர் உழைப்பைக் கொடுத்து வளர்த்த அருமையான மென்பொருள். அதைப் பல ஆண்டுகளாக நானும் பயன்படுத்துகிறேன். அன்பு இருக்கும் இடத்தில்தானே குறை சொல்லவும் உரிமை உண்டு?

முதற்குறை, செய்தியில் செய்தி இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு வோல்ட்மீட்டர் முள்ளை அசைக்காமல் "ஏதோ மின்னழுத்தம் இருக்கிறது" என்று மட்டும் காட்டினால் அதை நாம் கருவி என்போமா? எங்கள் பகுதியிலிருந்து நாள்தோறும் ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். எண்வழி இயங்கும் கடைசல் இயந்திரம் நின்றுபோனால் திரையில் ஓர் அலாரம் எண் வரும். இயக்குபவர் பள்ளிப்படிப்பு மட்டும் முடித்தவராக இருக்கலாம். கையேட்டில் அந்த எண்ணைப் பார்த்து, எண்ணெய் அழுத்தம் குறைந்ததா, கதவு சரியாக மூடவில்லையா என்று அவரே கண்டுகொள்வார். இயந்திரம் அவரை மதிக்கிறது. வருத்த முகமோ நம்மைக் குழந்தையாக்கி, "உனக்குச் சொன்னால் புரியாது" என்கிறது.

இரண்டாம் குறை இன்னும் வேடிக்கையானது. இதே செய்திக்கு வேறு வடிவங்களும் உண்டு. வெளியேறக்கூட வழியில்லாத நிலையில், "அமைப்பின் நிர்வாகியைத் தொடர்புகொள்க" என்று அது அறிவுறுத்தும். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒருவர் தனி அறையில் உட்கார்ந்திருப்பார். உத்தனப்பள்ளியில் ஒரு பூந்தோட்டக்காரர் வீட்டில் அந்த நிர்வாகி யார்? அந்தப் பெண்ணேதான்! தன்னைத் தானே தொடர்புகொள்ள வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றொரு வடிவத்தில், "முன்னெச்சரிக்கையாக நீட்சிகள் அனைத்தும் நிறுத்தப்பட்டுள்ளன" என்ற வரி வரும். நீட்சிகள் என்பவை மேசைத்தளத்தில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்கள். பழுதுக்கு அவை அடிக்கடி காரணமாவதுண்டு. இந்த வரி நல்ல வரி. என்ன செய்தோம் என்று சொல்கிறது, எங்கே சந்தேகம் என்றும் சொல்கிறது. ஒரு வடிவத்தில் முடிந்தது மற்றவற்றில் ஏன் முடியவில்லை என்பதே என் கேள்வி.

இதற்கு வடிவமைப்பாளர்கள் தரும் பதில் எனக்குத் தெரியும். சாதாரணப் பயனரைத் தொழில்நுட்பச் சொற்களால் மிரட்டக் கூடாது என்பார்கள். மிரட்ட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். விண்டோஸ் அமைப்பும் 2012 முதல் சோக முகத்தைத்தான் காட்டி வந்தது. ஆனால் அதன் கீழே ஒரு பிழைப்பெயர் இருக்கும். 2016-இல் கைபேசியால் படிக்கத்தக்க சதுரக் குறியீடும் சேர்ந்தது. லினக்ஸின் கருநிரலே விழும்போது காட்டும் திரையும் திருந்திவருகிறது: 2024-இல் வெளிவந்த 6.10 பதிப்பில் அதற்கெனத் தனித்திரை வந்தது, அதே ஆண்டின் 6.12 பதிப்பில் அதில் சதுரக் குறியீடு காட்டும் வசதி சேர்ந்தது. அடித்தளம் திருந்தும்போது மேல்தளம் மட்டும் "அடடா" என்றே நின்றால் எப்படி?

சரி, திரை எழும்போது உள்ளே நடப்பது என்ன? எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். களம் கருநிரல், வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். விளக்கும் திரைச்சீலையும் காட்சி வழங்கி. எக்ஸ் எனப்படும் வழங்கி 1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. அதன் இடத்தைப் பிடிக்க 2008-இல் தொடங்கப்பட்டது வேலண்ட். கூத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, இங்கே உண்டு. கடவுச்சொல் கேட்கும் வாயிற்காப்போன் காட்சி மேலாளர். உள்ளே வந்தபின் யார் எப்போது களத்துக்கு வர வேண்டும் என்று ஏவும் வாத்தியார் அமர்வு மேலாளர். பட்டியும் பட்டியலும் சாளரமுமாக நம் கண்ணுக்குத் தெரியும் வேடக்காரரே ஷெல். முக்கியமான வேடக்காரர் மீண்டும் மீண்டும் மயங்கி விழுந்தாலோ, வாத்தியாரே தம் வேலையைத் தொடங்க முடியாமற் போனாலோ கூத்து நிறுத்தப்படும். அப்போது ஊராருக்குக் காட்டப்படும் பலகைதான் அந்த வருத்த முகம். எனவே பலகை வந்தது என்றால் களம் நன்றாக இருக்கிறது, விளக்கும் எரிகிறது என்று பொருள்! இதை அந்தச் செய்தி சொல்லியிருந்தால் "எல்லாம் போயிற்று" என்ற அச்சமே எழுந்திராது.

கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப் 3 விசையை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. "கம்ப்யூட்டர் பழசாப் போச்சா சார்?" என்றாள். பழையதாகவில்லை, அலங்காரம் கலைந்திருக்கிறது. அங்கே பெயரும் கடவுச்சொல்லும் இட்டதும் அவளுடைய கோப்புகளின் பட்டியல் வந்தது. முதல் வேலையாக அளவீடுகளைப் பென்டிரைவில் படியெடுத்தோம். அதற்குமேல் எது நடந்தாலும் பரவாயில்லை.

பின்னர் டி, எஃப் என்ற இரண்டெழுத்துக் கட்டளையை இட்டோம் (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்ட வேண்டும்). வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று அது காட்டும். வட்டு நிரம்பி வழிந்தாலும் இதே வருத்த முகம் வருவதுண்டு. ஏனெனில் அமர்வு தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். இங்கே பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தது. ஒரு கருதுகோள் விழுந்தது.

அடுத்ததை மாணவர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி, அந்தப் பெயரில் வரைகலைத் திரையில் நுழைந்து பார்த்தோம். மேசைத்தளம் ஒரு குறையுமின்றி எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைதான் இது. எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவது. மாறியது பயனர் மட்டும். அப்படியானால் கருநிரல், வரைகலை இயக்கி, எக்ஸ் வழங்கி, வாயிற்காப்போன், க்னோம் நிரல்கள் எல்லாமே இவளுக்கும் புதியவருக்கும் பொது, அவை குற்றமற்றவை. ஐந்து நிமிடச் சோதனையில் ஐந்து சந்தேகங்கள் ஒழிந்தன. பழுது அவளுடைய இல்ல அடைவுக்குள்தான் இருக்க வேண்டும். புதியவருக்கும் அதே முகம் வந்திருந்தால் வழி வேறு: கருநிரல் புதுப்பிக்கப்பட்டு, வரைகலை இயக்கி அதற்கு ஒத்துவராமற் போனதா என்று பார்க்க, தொடக்கப் பட்டியலில் பழைய கருநிரலைத் தேர்ந்து ஏற்றிப் பார்க்கலாம்.

மறுபடியும் கறுப்புத் திரைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தோம். ஜர்னல்சிடிஎல் என்று ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோடும் பி எழுத்தும் இட்டால், கணிப்பொறி இம்முறை எழுந்ததிலிருந்து நடந்தவை வரிசையாக வரும். நூற்றுக்கணக்கான வரிகள், முகம் தோன்றிய நேரத்தை ஒட்டிய வரிகளைப் படித்தால் போதும். அங்கே தெளிவாக இருந்தது: ஐஸ் அத்தாரிட்டி எனும் கோப்பைத் திறக்க அமர்வு மேலாளருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வாத்தியாரும் வேடக்காரரும் ஒருவரையொருவர் அடையாளம் காணும் இரகசிய எண்களை வைத்திருக்கும் சிறு கோப்பு அது. பட்டியலில் அதன் உரிமையாளர் பெயரைப் பார்த்தோம். அவள் பெயர் இல்லை. ரூட் என்ற முதன்மைப் பயனரின் பெயர் இருந்தது. தன் வீட்டுப் பெட்டிக்குள் தன்னுடையதல்லாத பூட்டு!

எப்படி வந்தது? முந்திய வாரம் அண்ணன் ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்த, முதன்மைப் பயனர் அதிகாரத்தோடு வரைகலைத் திருத்தி ஒன்றைத் திறந்திருக்கிறார். சூடோ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் எல்லாம் நடக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததன் விளைவு. அக்காலத்து உபுண்டுவில் அப்படித் திறக்கும் நிரல் நம் இல்ல அடைவிலேயே எழுதும். எழுதிய கோப்பு முதன்மைப் பயனருக்கு உடைமையாகிவிடும். உரிமையாளரை மாற்றும் கட்டளை ஒரே வரி. அதை அவளையே அடிக்கச் சொன்னேன். வெளியேறி உள்ளே நுழைந்தாள். மேசைத்தளம் வந்தது.

செய்தியை எழுதியவர்களைக் குறை சொன்னால் போதாது. நம்மையும் சொல்ல வேண்டும். "ஃபார்மட் போடு" என்பது காய்ச்சலுக்கு ஆளையே மாற்று என்பது போன்ற மருத்துவம். அது பழுதை நீக்குகிறது, உண்மைதான். பழுது என்ன என்ற கேள்வியையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. அண்ணனின் பழக்கம் மாறாத வரை அடுத்த மாதமும் அதே முகம் வரும், அடுத்த ஐந்நூறு ரூபாயும் போகும். வரைகலை இயக்கியைத் தற்காலிகமாக ஒதுக்கும் நோமோட்செட் என்ற சொல்லைத் தொடக்க வரியில் எழுதி வைத்து அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களையும் கண்டிருக்கிறேன். நோயறியும் கருவியை மருந்தாக விழுங்குகிறார்கள்.

இன்னொன்றும் மனத்தில் உறுத்துகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பாஸ் வெளியார் சரக்கன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. பிள்ளைகளின் கைக்குத் திறந்த மூலநிரல் வந்து சேர்ந்தது என்பது சிறிய காரியமன்று. ஆனால் என்னிடம் வந்த மாணவர்களில் பலர் அந்தப் பாதியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. பதிவேட்டைப் படிக்கக் கற்றுத்தர இரண்டு பாடவேளை போதும். அதற்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை, நான் உட்பட.

இந்தப் பதிவேடுகள்தான் லினக்ஸின் பெருமை என்பேன். எக்ஸ் வழங்கியின் பழைய பதிவேட்டைத் திறந்தால், எந்தக் குறி பிழை, எந்தக் குறி எச்சரிக்கை, எது வெறுந்தகவல் என்று தலைப்பிலேயே விளக்கம் இருக்கும். இரட்டை ஈ எழுத்து பிழை, இரட்டை டபிள்யூ எச்சரிக்கை. எவ்வளவு நேர்மையான பக்கம்! உள்ளே இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு, வாசலில் மட்டும் ஏன் மழுப்புகிறது?

புறப்படும் முன் அந்த மாணவியிடம் ஒரு வேலை கொடுத்தேன். உன் ஊரில் உன் அம்மாவுக்குப் புரியும்படி அந்தச் செய்தியை நீ எழுதினால் எப்படி எழுதுவாய்? அவள் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், கல்லூரியில் தமிழ். மொழிபெயர்ப்பு அவளுக்குப் புதிதன்று. மறுநாள் கொண்டுவந்த தாளில் இப்படி இருந்தது:

"மேசைத்தளத்தைத் தொடங்க முடியவில்லை. உங்கள் கோப்புகள் அழியவில்லை. காரணம்: உங்கள் இல்ல அடைவிலுள்ள ஒரு கோப்பைத் திறக்க அனுமதி இல்லை. கோப்பின் பெயர் கீழே. எழுத்துத் திரைக்குச் செல்ல கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3."

இரண்டாம் வாக்கியத்தின் கீழ் அவள் இருமுறை கோடிட்டிருந்தாள். க்னோமின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. திருத்தங்களை எவரும் அனுப்பலாம். தாளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.