தொலைநோக்கிக்கு முன் முஷ்டி

ஊர்தோறும் நடைபெறும் வான்நோக்கு மாலைகள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. ஒரே தொலைநோக்கி, அதன் முன் நீண்ட வரிசை. அறுபது பேர் ஆளுக்கு அரை நிமிடம் பார்த்தால், கடைசி நபர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். சனியின் வளையத்தைக் கண்டு வியந்தவரிடம், "சனி வானில் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது!

பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியை எடுத்துக்கொள்வோம். அதன் வட அட்சம் ஏறத்தாழ 10 பாகை. துருவ நட்சத்திரத்தின் கோண உயரம் ஓரிடத்தின் அட்சத்திற்குச் சமம். நீட்டிய கையில் மடக்கிய முஷ்டியின் அகலமும் ஏறக்குறைய 10 பாகைதான். ஆகவே, வடக்கே மலை மறைக்காவிட்டால், துருவ நட்சத்திரம் அங்கே தொடுவானுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். லண்டனிலோ ஐந்து முஷ்டி! மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும், தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் திரிசங்குவையும் ஒரே வேளையில் காணலாம். லண்டன்வாசிக்குத் திரிசங்கு உதிப்பதே இல்லை.

கருவி வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதே மலைத்தொடரில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான், கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்ஷெட் கண்டறிந்தார். எதை அளக்கிறோம் என்று அறிந்தவர் கையில் கருவி பயன்தரும்.

எனவே, நிகழ்ச்சி நடத்துவோரே, முதல் ஒரு மணி நேரம் தொலைநோக்கியை மூடியே வையுங்கள். திசைகளையும் துருவத்தையும், பகல் திருமணங்களில் காட்டுவதாகப் பாவனை செய்யும் அருந்ததியையும் வெறுங்கண்ணுக்குக் காட்டுங்கள். தொலைநோக்கி பெட்டிக்குள் போய்விடும். முஷ்டி வீட்டுக்கும் உடன் வரும்.