உடன்போக்கும் உந்துருளியும் – ஒரு திறனாய்வு நோக்கு

ஆணும் பெண்ணுமாய் இருவர் வழிச்செல்லும் காட்சி தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. அகத்திணை மரபில் உடன்போக்கு என்னும் துறையே அதற்கென அமைந்தது. இன்று அவ்விருவரும் கால்நடையாகச் செல்வதில்லை. மோட்டார்ச் சைக்கிளிற் செல்கின்றனர். கண்டியிற் புறப்பட்டு, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியே திருகோணமலையை அடைந்து, ஓரிரு நாள் தங்கி மீளும் இளந்தம்பதியர் தம் பயணத்தை எழுதியும் வைக்கின்றனர். மலையும் கடலும் ஒரே பயணத்திற் கிட்டுவது இவ்வழியின் சிறப்பு. இத்தகைய பயணக் குறிப்புகளை இலக்கியமாகக் கொண்டு மதிப்பிடுவதாயின், எவ்வளவுகோலைக் கொள்வது? அதனை மேனாட்டு நூல்களில் தேடவேண்டியதில்லை. நமது உடன்போக்குப் பாடல்களே அதனைத் தருகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

குறுந்தொகையின் ஏழாஞ் செய்யுள் பெரும்பதுமனார் பாடியது. அதில் வழிச்செல்லும் இருவரும் பேசவில்லை. அவர்களைக் கண்டோர் பேசுகின்றனர். ஆடவன் காலிற் கழலையும் பெண்ணின் காலிற் சிலம்பையும் கண்டோர் கவனிக்கின்றனர். மணத்தின்போது சிலம்பு கழிக்கும் நோன்பு இயற்றுதல் அக்கால வழக்கு. ஆகவே, கழியாத சிலம்பு அவள் மணமாகுமுன்பே உடன்வந்தவள் என்பதைக் கண்டோர்க்கு உணர்த்திவிடுகிறது. அவர்கள் பழிக்கவில்லை, இரங்குகின்றனர். காற்றில் மோதி ஒலிக்கும் வாகை நெற்றுகளும் மூங்கில் அடர்ந்த காடுமே வழியைப்பற்றிய வருணனை. அவையும் இவ்விருவர் எத்தகைய இடத்துட் புகுகின்றனர் என்ற கவலையின் பகுதியாகவே வருகின்றன. காட்சி காட்சிக்காக வரவில்லை.

கண்டோர் கூற்று என இலக்கணம் வகுத்த இவ்வுத்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. வழி என்பது செல்பவருக்கு மட்டும் உரியதன்று. அங்கே வாழ்வோர்க்கும் உரியது. செல்பவர் நிலத்தைப் பார்க்கின்றனர். நிலத்தவர் செல்பவரைப் பார்க்கின்றனர். இவ்விரண்டு பார்வைகளும் சந்திக்கும்போதே பயணம் இலக்கியமாகிறது. சிலப்பதிகாரமும் இதற்குச் சான்று. கடற்கரைப் பட்டினமாகிய புகாரிற் புறப்பட்ட இருவரின் கதை, சேரநாட்டு மலையில் முடிகிறது. வேங்கைமர நிழலிற் கண்ணகி கணவனோடு விண்ணேகியதைச் செங்குட்டுவனுக்குக் கூறியவர்கள் அதைக் கண்ட குன்றக் குறவரே. அவர்கள் கண்டிராவிடின் காப்பியமே இல்லை எனலாம்.

இனிக் கலித்தொகையின் ஒன்பதாம் பாடலை நோக்குவோம். மகளைத் தேடிச்செல்லும் செவிலித்தாய் எதிர்வரும் அந்தணரை வினவுகிறாள். மலையிற் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை. கடலிற் பிறந்த முத்துக் கடலுக்குப் பயன்படுவதில்லை. மகளும் அத்தகையவளே என அவர்கள் ஆற்றுகின்றனர். மலைப்பொருளும் கடற்பொருளும் ஈண்டுப் பிரிவைத் தேற்றும் உவமைகளாகின்றன. திருகோணமலைபற்றிய திருஞானசம்பந்தர் பதிகத்திலோ சந்தனமும் அகிலும் முத்தும் ஒரே அலையோடு கரைசேர்கின்றன. குறிஞ்சியையும் நெய்தலையும் பிரித்தறிய முடியாத நிலம் அது. சம்பந்தர் இராமேசுவரத்திலிருந்தே இத்தலத்தைப் பாடினார் என்பது பெரியபுராணச் செய்தி. நேரிற் செல்லாதவர் நிலத்தின் இயல்பைச் சொல்லிவிட்டார். ஆதலின், நேரிற் சென்றமை மட்டும் ஒரு பயண எழுத்துக்குத் தகுதியாகிவிடாது.

இவ்வளவுகோலுடன் இன்றைய குறிப்புகளை அணுகினால் என்ன காண்கிறோம்? கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, புறாத்தீவு என்று இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வண்டி எத்தனை லீற்றர் எரிபொருள் அருந்தியது என்ற கணக்கும் வருகிறது. கண்டோர் மட்டும் வருவதில்லை. தேநீர்க் கடைக்காரர் தேநீர் தருகிறார், பேசுவதில்லை. மீனவர் படத்துக்கு நிற்கிறார், அவருக்குப் பெயரில்லை. இவ்விருவரைக் கண்டு அவர்கள் யாது நினைத்தனர் என்ற வினாவே எழுவதில்லை.

இதற்கு வேகமே காரணம் என்று கூறி அமைதல் பொருந்தாது. அகநானூற்று நான்காஞ் செய்யுளிற் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் தேரில் விரைந்து மீள்பவன். எனினும் பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். ஊர்தி விரைவுடையதாயினும் ஊர்பவன் உள்ளம் நின்று நோக்கவல்லது. மேலும், மோட்டார்ச் சைக்கிளில் இருவர் செல்கையில் ஓட்டுபவரின் கண் வீதியிலேயே நிற்கவேண்டும். பின்னிருப்பவரின் கண்ணே ஊரைப் பார்க்க வல்லது. ஆகவே, ஓட்டுபவர் மட்டுமே எழுதும் குறிப்பிற் பாதிப் பயணம் விடுபட்டுப்போகிறது. உடன்போக்கிற் பெண் பின்தொடர்ந்த பொருளல்லள்; துணிந்து முடிவெடுத்தவள். எதிர்வருவோரிடம் தன் தோழியர்க்குச் செய்தி சொல்லியனுப்பும் தலைவியை ஐங்குறுநூற்றிற் காண்கிறோம்.

திருகோணமலையைப் பொறுத்தவரை இக்குறை வெறும் கலைக்குறையன்று. துறைமுகத்தின் தெற்கே மூதூர், சம்பூர், வெருகல் நோக்கிச் செல்லும் கரையோர வீதியை எண்ணுக. 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ எனக் கிழக்கில் வழங்கும் மிதவையிலேயே அங்கு வண்டிகள் நீரைக் கடந்தன. 2004 டிசம்பர் 26 இற் கடல் அக்கரையை விழுங்கியது. 2006 இற் போர் சம்பூர் மக்களைப் பெயர்த்தது. ஏறத்தாழப் பத்தாண்டு முகாம்களில் இருந்தபின், 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே பலர் மீண்டனர். அவர்களும் குடும்பமாய், இருவர் இருவராய், அதே வழியிற் சென்றவர்களே. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது இளங்கோ காட்டிய உண்மை. மக்களை இழந்த நெய்தலும் பாலையாகும் என்பதை இவ்வீதி காட்டிற்று. அதனை அழகிய கடற்கரை என்று மட்டும் எழுதிச் செல்வது பொய்யன்று; ஆயினும் அரைகுறை உண்மை.

இன்பப் பயணம் செல்வோர் பிறர் துயரைச் சுமக்கவேண்டுமா என்று வினவலாம். வேண்டியதில்லை. குறுந்தொகைக் கண்டோரும் இருவரின் இன்பத்தைக் கெடுக்கவில்லை. அதற்கு ஆழம் தந்தனர். கண்டோரைப் பேசவிடுவதே நாம் வேண்டுவது. இதற்கு நம்மிடையே வேறொரு சான்றும் உண்டு. 1660 இற் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்ட ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ் மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அங்கேயே வாழ நேர்ந்தது. 1681 இல் வெளிவந்த அவரது நூல் இன்றும் பயிலப்படுவது, மலையின் அழகைக் கூறியதனாலன்று. உழுவோரையும் உண்போரையும் அருகிருந்து நோக்கியதனாலாகும்.

பேராதனை வளாகத்தைத் தொட்டு ஓடும் மகாவலி, 335 கிலோமீற்றர் நீளமுடைய தன் போக்கின் இறுதியிற் கொட்டியாரக் குடாவையே சேர்கிறது. மலையையும் கடலையும் இணைக்கும் அவ்வாற்றை எத்தனையோ வயல்கள் வழியில் மறித்து நீர் கொள்கின்றன. பயண எழுத்தும் அவ்வாறு வழியிலுள்ளோரால் மறிக்கப்படவேண்டும். அவர்தம் சொல்லை ஏற்கவேண்டும். அத்தகைய எழுத்துத் தோன்றும் நாளில், உந்துருளியிற் செல்லும் இருவரும் உடன்போக்கு மரபின் வழித்தோன்றல்கள் எனத் தயங்காது கூறலாம்.